'அபெட்' என்ற சொல்லும் ஒரு சொற்பிறப்பியல் அகராதியும்

சட்ட ஆவணங்களைத் தமிழாக்குவோருக்கு குற்றத்துக்குத் துணைபோவதைக் குறிக்கும் 'அபெட்' (abet) என்னும் ஆங்கிலச் சொல் ஓயாமல் எதிர்ப்படும். நாளிதழ்கள் அதைச் சில இடங்களில் 'தூண்டுதல்' என்றும் சில இடங்களில் 'உடந்தை' என்றும் எழுதுகின்றன. இரண்டில் எது பொருந்தும் என்று உறுதி செய்துகொள்ள விரும்பித்தான், அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியை நான் முதன்முதலில் திறந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் தொடர்கிறது.

சொல்லுக்கான பதிவு சில வரிகளே. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது என்றும், அங்கே அதன் பொருள் நாய்களை ஏவிக் கடிக்கவிடுதல் என்றும் அப்பதிவு கூறுகிறது. கடித்தலைக் குறிக்கும் 'பைட்', தூண்டில் இரையைக் குறிக்கும் 'பெய்ட்' ஆகியவை இதன் உறவினர்கள். கட்டிவைத்த கரடியின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்த்த வழக்கம் இங்கிலாந்தில் 1835இல்தான் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பதை நினைத்தால், இந்தப் பொருள் அம்மக்களின் கண்முன் எவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கும் என்பது விளங்கும். இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 'தூண்டுதல்' அன்று, 'உசுப்பிவிடுதல்'. நாயையும் உசுப்பிவிடுகிறோம், சண்டைக்காரனையும் உசுப்பிவிடுகிறோம். ஆங்கிலச் சொல் கடந்து வந்த பாதை முழுவதும் நம் பேச்சு வழக்கின் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த அகராதியின் பெருஞ்சிறப்பு, ஒரு பதிவிலிருந்து வேர்ச்சொல்லின் பக்கத்துக்கு உடனே செல்ல முடிவது. அங்கே 'அபெட்' பிளத்தல் என்னும் பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேரோடு, அதாவது ஆங்கிலம், சமஸ்கிருதம் முதலியவற்றின் பொது மூதாதை மொழியின் வேரோடு, இணைக்கப்படுகிறது. சமஸ்கிருதத்தின் 'பித்' என்னும் வினையடியும் அதே வேரினது. அதிலிருந்து வந்த 'பேதம்' தமிழில் நன்கு வேரூன்றிவிட்ட சொல். சாம, தான, பேத, தண்டம் என்னும் வரிசையில் உறவைப் பிளந்து ஒருவரை மற்றவர்மேல் ஏவிவிடும் உபாயமாக நிற்கும் அந்தப் பேதமும், குற்றத்துக்கு ஏவிவிடும் 'அபெட்'டும் ஒரே வேரில் முளைத்தவை என்று கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

ஆனால் சொல்லின் பிறப்பை அறிந்தால் மட்டும் சட்டத்தில் அதன் பொருளை அறிந்ததாகாது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 107ஆம் பிரிவில் இச்சொல்லுக்குத் தூண்டுதல், சதியில் பங்குகொள்ளுதல், வேண்டுமென்றே உதவுதல் என்னும் மூன்று கிளைகளைக் கொடுத்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவும் அவற்றையே கொண்டுள்ளது. நாயை ஏவும் படிமம் முதல் கிளைக்கு மட்டுமே பொருந்துகிறது. 'உடன்' என்பதைத் தன்னுள் கொண்ட 'உடந்தை' மற்ற இரண்டுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் இந்த அகராதியைச் சட்ட நூலுக்கு அருகில் வைத்தே பயன்படுத்த வேண்டும். அதில் காணும் ஆண்டுகள் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலத்தைக் குறிப்பவையே தவிர, சொல் பிறந்த நாளைக் குறிப்பவை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது நான் முதல் கிளைக்குத் 'தூண்டுதல்' என்றும் மற்ற இரண்டுக்கும் 'உடந்தை' என்றும் பிரித்தே எழுதுகிறேன்.