பழைய சேனல் எஃப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய வீடியோ கேம் பெட்டிகள் சேர்க்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். ஏல இணையதளம் ஒன்றில் 240 டாலர் கொடுத்து, அனுப்பும் செலவு 28 டாலரும் சேர்த்துக் கட்டி, ஒரு பிணத்தை வாங்கியிருக்கிறேன்.

வாங்கியது ஃபேர்சைல்டு சேனல் எஃப். 1976 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதுவரை டிவியில் ஆடும் பெட்டி என்றால் உள்ளே என்ன ஆட்டம் வைத்தார்களோ அது மட்டும்தான். ஆட்டத்தை ரோம் (அழியாமல் பதிந்திருக்கும் நினைவகம்) சிப்பில் பதித்து, மஞ்சள் கார்ட்ரிட்ஜில் அடைத்து, வேண்டும்போது மாற்றிச் செருகலாம் என்று முதலில் கடைக்குக் கொண்டுவந்தது இதுதான். அட்டாரி நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் பெட்டி அடுத்த வருடம் செப்டம்பரில்தான் வந்தது. இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின எஞ்சினியர். அவர் வேலை பார்த்த, கலிஃபோர்னியாவின் அதே சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில்தான் நானும் பிழைக்கிறேன். அதனாலேயே பல வருடமாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தில் 'சோதித்தது, நன்றாக ஓடுகிறது' என்று போட்டு, ஒரு வீடியோவும் இணைத்திருந்தார்கள். டிவியில் ஹாக்கி ஓடுகிறது. ஒரு கை டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறது, பந்து மோதும் பீப் சத்தமும் கூடவே ஏறுகிறது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதல் மாடலில் சத்தம் டிவிக்குப் போகவே போகாது, பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் வரும். டிவியில் சத்தம் வருவது பின்னால் வந்த இரண்டாம் மாடலில். எனக்கு விற்றதோ முதல் மாடல். அதாவது வீடியோவில் ஓடியது வேறு பெட்டி.

வந்ததும் போட்டுப் பார்க்க முடியவில்லை. இது படத்தை டிவியின் ஆன்டெனா இணைப்பு வழியாகத்தான் அனுப்பும். என்னிடம் இருந்தது வெறும் மானிட்டர். பழைய பிக்சர் ட்யூப் டிவி ஒன்று கிடைக்க ஐந்து வாரம் ஆகிவிட்டது. திருப்பி அனுப்பும் கெடு 30 நாள். சுவிட்சைப் போட்டேன், திரையில் ஒன்றுமே வரவில்லை.

சரி, திறந்து பார்ப்போம் என்று அடிப்பக்கம் திருப்பினேன். ஸ்க்ரூவின் தலையெல்லாம் புதிதாகத் தேய்ந்து பளபளத்தது. உள்ளே போர்டில் ஒரு சிப் இருக்க வேண்டிய இடத்தில் 40 ஓட்டைகள், சுற்றிலும் சால்டரிங் செய்த பழுப்புக் கறை. கழற்றி எடுத்திருந்தது 3851 என்ற சிப். இந்தப் பெட்டியில் அது இரண்டு இருக்கும். பெட்டி எழுந்திருக்கத் தேவையான புரோகிராம் அந்த இரண்டுக்குள்தான் பதிந்திருக்கிறது. அடிக்கடி பழுதாகும் சிப்பும் அதுதான். கடையில் கேட்டு வாங்க முடியாது, இன்னொரு பெட்டியில் இருந்துதான் பிடுங்க வேண்டும். என் பெட்டியில் இருந்து பிடுங்கி எதையோ பிழைக்க வைத்துவிட்டு, மிச்சத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

விற்றவருக்குப் போட்டோவோடு எழுதினேன். 'பழைய பொருள், வழியில் அடிபட்டிருக்கும்' என்று பதில் வந்தது. வழியில் அடிபட்டால் சிப் தானாகக் கழன்று, கறையையும் விட்டுவிட்டுப் போகுமா? அந்தத் தளமோ கெடு முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டது.

வாங்குகிறவர்கள் முதலில் டிவியைத் தயார் செய்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பெட்டியும் திரையும் ஒரே காட்சியில் தெரிய, கார்ட்ரிட்ஜ் இல்லாமல் சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஹாக்கியும் டென்னிஸும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் கார்ட்ரிட்ஜ் இல்லை என்ற சாக்கு செல்லாது. முதல் மாடல் என்றால், டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்த பிறகும் பீப் கேட்க வேண்டும். போர்டின் போட்டோ கேளுங்கள்; தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்று அதே வீடியோவை இன்னொரு விளம்பரத்தில் பார்த்தேன். அதே டிவி, அதே கை. இந்த முறை விலை 260 டாலர், இதுவும் முதல் மாடல் என்றுதான் போட்டிருக்கிறது. தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். இதை எழுதும் வரை அது நீக்கப்படவில்லை.