மெக்செய்ன் வேத வாசிப்பு அட்டவணை: ஒரு மதிப்புரை

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் வேதாகமத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்க 1842இல் தம் சபைக்காகப் போட்டுக்கொடுத்த அட்டவணை இது. தினம் நான்கு பகுதிகள்: குடும்ப ஜெபத்துக்கு இரண்டு, தனி ஜெபத்துக்கு இரண்டு. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நான்கிலும் முதல் அதிகாரம். வருடக் கடைசியில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடிந்திருக்கும்.

அவசரம்தான் இதன் பெரிய ஆபத்து. நான்கையும் ஒரே மூச்சில் ஓட்டினால் இரவில் ஒரு வசனம்கூட நினைவில் நிற்காது. தனிப்பகுதி இரண்டைக் காலையிலும் குடும்பப்பகுதி இரண்டைச் சாப்பாட்டுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பைச் சத்தமாக வாசிக்க நேரம் கூடவே பிடிக்கும். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து வசனம் வாசிக்கட்டும்.

ஏப்ரலில், பலிகளும் சடங்குச் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வரும்போதுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் விடக்கூடாது! 19ஆம் அதிகாரம் 13ஆம் வசனம், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம் பாக்கி என்றால், வேதாகமத்தை மூடிவிட்டு முதலில் அதைக் கொடுங்கள். தினம் செய்ய வேண்டியது ஒன்றைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, மறுநாள் செய்தாயிற்றா என்று பாருங்கள். அட்டவணையில் இதற்கு இடமில்லை, அது ஒரு குறைதான்.

நாள் தவறினால் பின்னால் போய்த் துரத்தாதீர்கள், அன்றைய தேதியிலிருந்தே தொடருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வருடம் குடும்பப்பகுதி, அடுத்த வருடம் தனிப்பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம்.