நாரி நோவுக்குப் பக்கேஜ் எடுக்க முதல் இதை வாசியுங்கள்

"ஒப்பரேஷன் இல்லாமல் முள்ளந்தண்டு வருத்தம் பூரண சுகம்" என்று முகநூலில் தமிழிலும் சிங்களத்திலும் விளம்பரம் போடும் ஒரு தனியார் நிலையத்துக்கு என் காலால் நடந்து போனேன். கடைசியில் ஓட்டோவில் தூக்கி ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடம் கொழும்புக்குள்தான். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை, இன்பொக்ஸில் கேட்கவும் வேண்டாம். காலில் பலவீனமும் சிறுநீர்ச் சிக்கலும் சேர்ந்து இருக்கிற ஒருவரின் கண்ணில் இது பட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வருகிற பழக்கம். முதலில் தொடங்கியது கால் பாரம்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடிக்கு வரும்போது இரண்டு காலிலும் ஈரச்சாக்கைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் குந்தியிருந்தால் இறங்கிவிடும், திரும்பவும் நடக்கலாம். சில மாதங்களில் உள்ளங்கால் மரத்தது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து, பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்னதும் உண்டு. அதற்குப் பிறகு சிறுநீர். அவசரமாக வரும், போய் நின்றால் இறங்காது.

தனியாரில் காட்டுவதென்றால் எங்கள் ஊரில் முறை தெரியும்தானே: எந்த ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணுவது என்று நோயாளியே தீர்மானித்து நம்பர் எடுக்க வேண்டும். காலுக்கு எலும்பு டொக்டர். அவர் நாரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நாலாம் ஐந்தாம் நாரி முள்ளென்புகளுக்கு இடையில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. உள்ளங்கால் மரப்புக்கு இன்னொருவர். எனக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது, ஆகவே சீனியால் நரம்பு பழுது, விற்றமின் மாத்திரை. சிறுநீருக்கு மூன்றாமவர், இந்த வயதில் ப்ரொஸ்டேட் வீங்குவது வழமை, இரவில் ஒரு மாத்திரை.

ஒவ்வொருவரும் சொன்னதைத் தனித்தனியே எடுத்தால் நியாயம்தான். ஆனால் ஐம்பது கடந்தவர்களை வரிசையில் நிறுத்தி ஸ்கான் எடுத்தால் நோவே இல்லாத பலருக்கும் டிஸ்க் பிதுங்கல் தெரியும். சீனியும் ப்ரொஸ்டேட்டும் அப்படித்தான், யாரிடம் தேடினாலும் கிடைக்கும். கால், பாதம், சிறுநீர்ப்பை மூன்றும் ஒரே ஆளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறதே, மேலே ஏதாவது ஒரு இடத்தில் கோளாறோ என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. ஸ்கான் கவரைத் திறந்து ரிப்போர்ட்டை வாசித்தார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர் எவருமில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த நிலையம். வரவேற்பில் இருந்த பிள்ளை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டிஸ்க்தானே ஐயா, பயப்பிடாதீங்க, பக்கேஜ் முடியேக்க ஓடித் திரிவீங்க" என்றது. முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினால் கழிவு. என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே போனது. வெள்ளைக் கோட் போட்ட ஒருவரை எல்லாரும் "டொக்டர்" என்றார்கள். ரிசீட்டில் அவருடைய பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. காலை இழுத்துக் கட்டும் கட்டில், லேசர் என்று ஒரு சிவப்பு வெளிச்சம், எண்ணெய் பூசித் தேய்ப்பு. அந்த எண்ணெய் நல்ல வாசம், அதை மறுக்கவில்லை.

முன்னேற்றம் இல்லை என்று நான் முணுமுணுத்தபோது, பக்கேஜோடு இலவசம் என்று நாரிக்குள் ஓர் ஊசி போட்டார்கள். என் மனைவி என்ன மருந்து என்று கேட்டாள். "நோவுக்குப் போடுறதுதான் அம்மா." அவள் விடாமல், மேசையில் கிடந்த வெற்றுப் பெட்டியைக் கைபேசியில் படம் எடுத்தாள். அது ஸ்டீரொய்ட். அன்று இரவு கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி. விடிந்ததும் திரும்ப அங்கேயே கொண்டுபோனார்கள். "மருந்து உள்ளுக்கு இறங்குது, அப்பிடித்தான் இருக்கும். அடுத்த செஷனுக்கு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரம் சிறுநீர் முழுதாக அடைத்தது.

அரச வைத்தியசாலையில் சிறுநீர்க் குழாய் போட்டு வார்ட்டில் படுக்க வைத்தார்கள். இரவு வேலைக்கு வந்த இளம் டொக்டர் பிள்ளை ஒன்று காலுறையைக் கழற்றி, உள்ளங்காலில் திறப்பால் ஒரு கீறல் போட்டது. பெருவிரல் மேலே எழும்பியது. அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை மனைவி கண்டிருக்கிறாள். பிறகு ஊசிமுனையால் காலிலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்து, தொப்புளுக்குக் கிட்ட எனக்குக் குத்துத் தெரிந்ததும் அந்த இடத்தில் பேனையால் கோடு போட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரியவர்களுக்கு முண்ணாண் (மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கும் நரம்பு வடம்) முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள் மட்டும். நாலாம் ஐந்தாம் இடத்து டிஸ்க் நரம்பை நெரித்தால் கால் தளரும், தசைநாரைத் தட்டினால் வரும் துடிப்புக் குறையும், ஆனால் பெருவிரல் மேலே எழும்பாது. எழும்பினால் கோளாறு முண்ணாணிலோ மூளையிலோ, எப்படியும் அந்த டிஸ்க்குக்கு மேலே. ஒரு திறப்பு போதும் இதைப் பார்க்க. இவ்வளவு காலமும் நான் காசு கொடுத்துப் பார்த்தவர்களின் மேசைகளில் திறப்புக் கோர்வைக்குக் குறைவிருக்கவில்லை.

நெஞ்சுப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முண்ணாண் வீங்கி வெளுத்து, அதன் முதுகுப்புறம் கறுப்பாகப் புழு நெளிந்த மாதிரிப் புள்ளிகள். ஸ்பைனல் டியூரல் ஆர்ட்டீரியோவீனஸ் ஃபிஸ்டியூலா என்று பெயர். முண்ணாணைச் சுற்றியிருக்கும் உறையில், நரம்பு வெளியேறுகிற இடத்தில், ஒரு சின்ன நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) நேராக நாளத்துக்குள் (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) திறந்துவிடுகிறது. நாடியின் அழுத்தம் நாளத்துக்குள் ஏற, முண்ணாணிலிருந்து இரத்தம் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. அந்தத் தேக்கம் முண்ணாணின் கீழ்நுனிவரை இறங்குகிறது. அதனால் ஓட்டை நெஞ்சு மட்டத்தில் இருந்தாலும் கால்தான் முதலில் விழுகிறது. பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரும் என்று கணக்கிடுகிறார்கள், பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு. கோளாறு அந்த உறையில்தான் என்பதையே 1977 இல்தான் லண்டனில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஸ்டீரொய்ட் கொடுத்த பிறகு இந்த நோயாளிகளின் கால் சட்டென்று மோசமாவதும் மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறொன்று. பழைய நாரி ஸ்கானின் சீ.டி.யை வார்ட்டில் போட்டுப் பார்த்தார்கள். படத்தின் மேல் விளிம்பில் முண்ணாணின் நுனி தெரிகிறது. அது அப்போதே வெளுத்திருக்கிறது, பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் டிஸ்க்கைப் பற்றி அரைப் பக்கம், முண்ணாணைப் பற்றி ஒரு சொல் இல்லை. சீ.டி.யைத் தொலைத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான். ரிப்போர்ட் ஒருவரின் வாசிப்பு, படத்தை இன்னொருவர் திரும்ப வாசிக்கலாம்.

தொடையடியால் குழாய் விட்டு மருந்து செலுத்தி எடுக்கும் அன்ஜியோகிராமுக்குத் திகதி கிடைக்கச் சுணங்கியது. பிறகு ஒப்பரேஷன் செய்து அந்த இணைப்பை மூடினார்கள். இப்போது பொல்லோடு நடக்கிறேன். சிறுநீர் முழுதாகத் திரும்பவில்லை. இந்த நோயில் சிகிச்சை முக்கியமாகச் செய்வது மேலும் மோசமாகாமல் நிறுத்துவதை. இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு வேளைக்குக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. எனக்குப் போன காலம் போனதுதான்.

ஆகவே, இரண்டு காலும் பலவீனமாகி, மரப்பு மேலே ஏறி, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லையென்றால் தேய்க்கவும் இழுக்கவும் கொடுக்காதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நரம்பியல் டொக்டரிடம் எல்லா அறிகுறியையும் ஒரே தாளில் திகதிப்படி எழுதிக் கொடுங்கள். நாரி மட்டும் ஸ்கான் எடுத்திருந்தால் நெஞ்சுப் பகுதியும் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஊசியென்றால் மருந்தின் பெயரை எழுதித் தராமல் கையை நீட்ட வேண்டாம். டொக்டர் என்று சொல்பவரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் தேடலாம், நாங்கள் கேட்டறிந்து தேடிய பெயர் அங்கே இல்லை. தனியார் மருத்துவ நிலையம் எதுவும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

மீதிக் காசைக் கேட்டபோது, "நோயாளி சிகிச்சையை இடையில் கைவிட்டதால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று வட்சப்பில் பதில் அனுப்பினார்கள். அந்தப் பதிலையும் ரிசீட்டையும் மருந்துப் பெட்டியின் படத்தையும் சேர்த்து நுகர்வோர் அதிகார சபைக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் சபையின் தொலைபேசி இலக்கம் 1977. உங்களிடமும் இப்படி ரிசீட் கிடந்தால் எறியாமல் வைத்திருங்கள், முறைப்பாடு எழுதுகிறபோது முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.