35 இன்ச் டயருக்காக ஸ்டீயரிங் பம்ப் மாற்றிய செவ்ரோலெட் கே10: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிவது

1973 முதல் 1987 வரையிலான செவ்ரோலெட் பிக்கப்புகளில், நாலு சக்கரமும் இழுக்கும் கே10 வகையில் 235/75ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 35x12.50 டயர் ஏற்றியவர்கள் அமெரிக்காவில் ஏராளம். ஓடும்போது ஸ்டீயரிங் கனம் பெரிதாகத் தெரியாது. வண்டி நின்றபடி, ஐடிலிங்கில் ஒடிக்கும்போதுதான் தோள்பட்டைக்கு வேலை வரும். பழைய டயரின் உயரம் சுமார் 29 இன்ச். புதியது உயரத்தில் 6 இன்ச், அகலத்தில் 3 இன்ச் கூடுதல். போதாததற்கு, வெளியே தள்ளி உட்காரும் 10 இன்ச் ரிம் போட்டால் சக்கரம் இருந்த இடத்தில் திரும்பாது, வளைந்து உருண்டபடி திரும்பும். அந்தக் கனத்தில் பாதி ரிம்மின் புண்ணியம். அதற்கு, ஸ்டீயரிங்குக்கு ஆயில் அழுத்தம் தரும் பம்பைத் திட்டிப் பயனில்லை.

பம்ப் வாங்கும் முன் அழுத்தத்தை அளந்துவிடுவது நல்லது. 2000 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜும், அதற்குப் பின்னால் ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் ஒரு டேப்பும் (மூடித் திறக்கும் வால்வு), பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் பிரஷர் லைனில் சேர்க்க வேண்டும். ஆயில் சூடானபின் டேப் திறந்தபடி, சக்கரம் நேராக, ஐடிலிங்கில் 80 முதல் 125 பிஎஸ்ஐ காட்டும். 200-ஐத் தாண்டினால் முதலில் ஹோஸில் அடைப்பைத் தேடுங்கள். அடுத்து டேப்பை மூன்று தடவை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் மூடி வைத்தால் பம்ப் உள்ளேயே வெந்துவிடும். மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று 50 பிஎஸ்ஐ வித்தியாசத்துக்குள் இருந்து, பம்புக்குரிய அளவையும் எட்டினால் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. கடைசியாக டேப்பைத் திறந்துவிட்டு இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும். மூடியபோது வந்த அழுத்தம் இப்போது வராவிட்டால் ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ளுக்குள் கசிகிறது. அந்த பாக்ஸோடு எந்தப் பம்பைப் போட்டாலும் காசுக்குக் கேடு. வி-பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். ஒடிக்கும்போது கீச்சென்று கத்தினால் முதல் குற்றவாளி பெல்ட்.

இந்த வண்டியில் வருவது சாகினா பி வகை பம்ப், ஆயில் டப்பா அதன் மேலேயே கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். மாற்றுக்கு இரண்டு வழி. ஹைட்ரோபூஸ்ட் பிரேக் (ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்திலேயே உதவி பெறும் பிரேக்) உள்ள கனரகப் பிக்கப்பின் பி பம்ப் ஒன்று. உடல் அதேதான், ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய் மட்டும் இரண்டு. ஒன்றை நல்ல மூடி போட்டு கிளாம்ப் அடித்து அடைத்துவிடலாம். பிராக்கெட்டும் புல்லியும் ஒத்துவருகிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். இன்னொன்று சின்ன டிசி வகை பம்ப், தனி டப்பாவோடு. டப்பா பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், பம்புக்கு வரும் ஹோஸ் குட்டையாகவும் 5/8 இன்ச்சுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மெல்லிய ஹோஸ் போட்டவர்களின் புதுப் பம்ப் முதல் நாளே ஊளையிடும். ஹைட்ராலிக் ராம் (சக்கரத்தைத் திருப்ப உதவும் தனி ஆயில் சிலிண்டர்) சேர்க்கும் எண்ணம் இல்லாதவருக்கு முதல் வழியே போதும்.

ஆயிலின் அழுத்தமும், அது பாயும் ஓட்டமும் வேறு வேறு. சக்கரத்தைத் திருப்பும் பலம் அழுத்தத்தில், எவ்வளவு வேகமாக ஒடிக்கலாம் என்பது ஓட்டத்தில். பிரஷர் ஃபிட்டிங்கைக் கழற்றினால் அதன் பின்னால் கண்ட்ரோல் வால்வும் ஸ்பிரிங்கும் வெளியே வரும். வால்வின் அறுகோணத் தலைக்கு அடியில் மெல்லிய வாசர்கள் இருக்கும், ஒன்றை எடுத்தால் உச்ச அழுத்தம் ஏறும். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் கேஜில் பார்க்க வேண்டும். சேர்த்து எடுத்தால் முதலில் வெடிப்பது ஹோஸ். திருப்பிப் போடும்போது அறுகோணத் தலைதான் முதலில் உள்ளே போக வேண்டும், மாறிப் போட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஓட்டத்தைத் தீர்மானிப்பது ஃபிட்டிங்கில் உள்ள துளை. அதைத் துளைத்துப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அளவு மீறினால் நெடுஞ்சாலையில் சுண்டுவிரல் பட்டாலே வண்டி லேன் மாறும். நின்றபடி ஒடிக்கும் சிரமத்துக்கு அது மருந்தும் இல்லை.

பொருத்தும்போது கெடுவது பெரும்பாலும் புல்லி. பழைய சில பம்புகளில் நட்டும், புல்லி வழுக்காமல் ஷாஃப்டில் செருகும் சாவியும் உண்டு, பின்னால் வந்தவை இறுக்கிப் பொருத்தப்பட்டவை. கழற்றப் புல்லர், ஏற்ற அதற்கான இன்ஸ்டாலர். சுத்தியால் தட்டினால் ஷாஃப்ட் உள்ளே தள்ளப்பட்டுப் புதுப் பம்ப் அன்றே சாகும். ஹோஸ் மரையிலும் ஏமாறலாம். 1979 வரை இன்ச் மரை, ஃப்ளேர் முனை. 1980 முதல் மெட்ரிக் மரை, ஓ-ரிங். பாக்ஸ் ஒரு வருடத்தது, பம்ப் இன்னொரு வருடத்தது என்றால் அடாப்டரோ ஆள் வைத்துச் செய்த ஹோஸோ தேவைப்படும்.

ஏர் எடுக்க முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது தடவை மெதுவாக ஒடித்தபடி ஆயில் நிரப்ப வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் மோர் போல் நுரைத்துவிடும், அடங்கப் பல மணி நேரம் ஆகும்.

மாதங்கள் போகப்போக எல்லாரையும் பிடிப்பது சூடு. 1400 பிஎஸ்ஐ, நிமிடத்துக்கு 3 கேலன் என்றால் கணக்குப்படி கிட்டத்தட்ட 2.5 குதிரைசக்தி, 1.8 கிலோவாட். குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியைவிட அதிகம். பாறையில் சக்கரம் மாட்டிக்கொள்ள ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்திருந்தால், ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச்சுற்றி அந்தச் சூடு முழுவதும் அங்கேயே சேரும். ரிட்டர்ன் லைனில் கூலர் போடுவது நல்லது, ஆனால் அந்தச் சில விநாடிகளில் கூலருக்கு ஆயிலே வராது. கையைக் கொஞ்சம் தளர்த்துவது ஒன்றே வழி. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் சீல் போகும் முன் மாற்றிவிடலாம்.

பெரிய பம்ப் பலத்தைக் கூட்டும், அந்தப் பலம் போய் விழும் இடம் சேஸ். இந்த வண்டிகளில் சேஸின் இடது சட்டத்தில் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடுவது பழைய கதை. பம்ப் போட்டபின் அது சீக்கிரம் வரும். பாக்ஸைச் சுற்றியுள்ள சேறையும் கிரீசையும் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, ஒருவரை நின்றபடி ஒடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்ஸும் சட்டமும் சேர்ந்து மூச்சுவிடுவது போல் அசையும். போல்ட் ஓட்டையிலிருந்து கிளம்பும் மெல்லிய துருக்கோடுதான் விரிசல். அதன் முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்தி, வெல்டு செய்து, சட்டத்தின் உட்பக்கம் தகடு வைத்து இறுக்க வேண்டும். இந்தத் தகடு, விரிசல் இல்லாத வண்டிக்கும் பம்ப் மாற்றும் அதே நாளில் போட வேண்டியது.