டிப்ளோமசி: பகடை இல்லாத பலகை, பேச்சே ஆயுதம்

அவரவர் பகுதியை அவரவர் வளர்த்துக்கொண்டு, கடைசியில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றியாளரை அறிவிக்கும் பலகை விளையாட்டுகள் ஏராளமாக வந்துவிட்டன. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, ஆலன் கால்ஹேமர் உருவாக்கி 1959-இல் வெளிவந்த டிப்ளோமசியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடத்தில் ஏழு வல்லரசுகள் மோதுகின்றன. ரஷ்யா நான்கு படைகளோடும் மற்ற ஆறு நாடுகள் மும்மூன்று படைகளோடும் தொடங்க, வரைபடத்தில் விநியோக மையங்கள் என்று குறிக்கப்பட்ட 34 முக்கிய இடங்களில் 18-ஐக் கைப்பற்றுபவர் வெல்கிறார். பகடை கிடையாது, தரைப்படைக்கும் கடற்படைக்கும் வலிமை ஒன்றே. ஆகவே காலியான ஓரிடத்துக்கு இருவர் தனித்தனியே நகர்ந்தால் இருவருமே உள்ளே நுழைய முடியாது. அருகிலுள்ள இன்னொரு காய் ஆதரவு தந்தால்தான் வழி பிறக்கும். அந்த ஆதரவை வேறொரு நாட்டின் காயும் தரலாம் என்ற விதியில்தான் இந்த விளையாட்டின் உயிரே இருக்கிறது. கையிலுள்ள மூன்று படைகளை மட்டும் நம்பி யாரும் வெகுதூரம் போக முடியாது என்பதால், வாய் திறக்காமல் ஆடுபவர் விரைவிலேயே சுருங்கிப்போகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பர்கண்டியில் உள்ள பிரெஞ்சுப் படை பெல்ஜியத்துக்குள் நுழையப் பார்க்கிறது; ஹாலந்திலிருந்து ஜெர்மானியப் படையும் அதே இடத்துக்கு வருகிறது. வடகடலில் நிற்கும் இங்கிலாந்தின் கடற்படை பிரான்ஸுக்கு ஆதரவு தந்தால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெல்ஜியம் பிரான்ஸின் கைக்கு வரும். இங்கிலாந்தும் தலையாட்டிவிடுகிறது. ஆனால் ஆணைகளை ரகசியமாகக் காகிதத்தில் எழுதி, எல்லோரும் ஒரே நேரத்தில் வெளிப்படுத்துவதே முறை என்பதால், அந்தத் தலையாட்டலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. காகிதத்தைப் பிரிக்கும்போது இங்கிலாந்து தானே பெல்ஜியத்துக்கு நகர்வதாக எழுதியிருந்தால், மூன்று பேரும் மோதி மூவருமே நின்ற இடத்தில் நிற்பார்கள். கொடுத்த வாக்கை மீறுவதற்கு விதிகளில் தண்டனை ஏதும் இல்லை. அடுத்த சுற்றில் அந்த இங்கிலாந்தை யார் நம்புவார் என்பது மட்டுமே தண்டனை. இவ்வளவு எளிய விதிகளிலிருந்து இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கும் வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. ஏழு பேர் சேர்ந்தால்தான் சமநிலை முழுமையாக அமையும். குறைவான பேர் ஆடுவதற்கு விதிகள் வழிகாட்டினாலும் சுவை குன்றிவிடுகிறது. ஓர் ஆட்டம் ஆறு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம், அதற்குள் நாட்டை இழந்தவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தாலி, ரஷ்யா, துருக்கி ஆகிய மூன்றுக்கும் நடுவே அமைந்த ஆஸ்திரியாவைப் புதியவரிடம் கொடுப்பது நியாயமாகாது. மூலையில் இருக்கும் இங்கிலாந்தோ துருக்கியோ அவருக்கு மூச்சுவிட இடம் தரும்.

நம்பிக்கைத் துரோகத்தை ஆட்டத்தோடு விட்டுவிடத் தெரிந்த ஏழு பேரும் ஒரு முழு நாளும் கிடைக்குமானால் தயங்காமல் வாங்கலாம். மனத்தாங்கலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் இயல்புள்ள ஒருவர் குழுவில் இருந்தாலும், இந்தப் பெட்டியை அந்தக் குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.