கிருஷ்ணகிரியில் ஜெர்மனி ரூமுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

1,58,000 ரூபாய். கிருஷ்ணகிரி டவுனில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சியில் கட்டி இழந்தோம். பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தம்பி பெர்லினில் மாஸ்டர்ஸ் படிக்கப் போயிருக்கிறான். அட்மிஷன் அவனே முயற்சி செய்து வாங்கியது. விசாவுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். அந்தப் பணத்துக்கே அப்பா பேங்க் லோன் போட்டு, பற்றாததற்கு அம்மாவின் நகையையும் வைத்தார். பாக்கி இருந்தது ரூம் ஒன்றுதான். அங்கே ஸ்டூடியரண்டன்வெர்க் என்ற அமைப்பு மாணவர் விடுதிகள் நடத்துகிறது. ஏப்ரலிலேயே அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்றான் தம்பி. "அதெல்லாம் பெரிய வெயிட்டிங் லிஸ்ட் தம்பி, நாங்க இருக்கோம்ல" என்று தடுத்தவர்கள் இந்த கன்சல்டன்சிக்காரர்கள்தான். இப்போது அந்த வரிசையிலும் இடம் போச்சு.

ஆகஸ்ட் 11-ஆம் தேதி நானும் அப்பாவும் அவர்கள் ஆபீஸுக்குப் போனோம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்த மேனேஜர் எழுந்து வந்தார். "ஐயா, செருப்போடவே வாங்க, இது உங்க ஆபீஸ்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். டீ வந்தது. சுவர் முழுக்க விசா வாங்கிய பிள்ளைகளின் போட்டோ. தம்பி போட்டோவும் அதில் இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யார் படமும் அதுவரை ஒரு ஆபீஸ் சுவரில் மாட்டப்பட்டதில்லை.

அப்புறம் ரூம் வீடியோ காட்டினார்கள். வெள்ளைச் சுவர், மஞ்சள் திரை, மர மேஜை. ஜன்னல் கண்ணாடியின் இடது ஓரத்தில் சிவப்பு மீன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். முதல் மாத வாடகை 480, அட்வான்ஸ் 960, ஏர்போர்ட்டில் அழைத்துப்போக 60, ஆக 1,500 யூரோ. அவர்கள் போட்ட கணக்கில் 1,58,000 ரூபாய். "பையன் இறங்கினதும் சாவி அவன் கையில இருக்கும் ஐயா. நான் பொறுப்பு" என்றார் மேனேஜர். அப்பா எழுந்து கும்பிட்டார். பணத்தை என் போனிலிருந்து நான்தான் அனுப்பினேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா ரகம். கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் போடுகிறவர்களுக்குத் தெரியும், 1,58,000 ரூபாய் கையில் நிற்க எத்தனை லோடு ஏற்ற வேண்டும் என்று.

செப்டம்பர் 27, சனிக்கிழமை தம்பி பெர்லினில் இறங்கினான். அழைத்துப்போக யாரும் வரவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறி, கன்சல்டன்சி கொடுத்த ரூம் ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்குப் போனான். தெரு இருந்தது, கட்டடமும் இருந்தது. அங்கெல்லாம் காலிங் பெல் பக்கத்தில் வீட்டு எண் இருக்காது, குடியிருப்பவர் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தப் பலகையின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. 22 பெயர்கள். ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அதில் இல்லை. நாயோடு வந்த ஒரு பாட்டி தாளை வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். "அக்கா, இங்க அப்படி யாரும் இல்லக்கா" என்று அவன் சொன்னபோது நமக்கு ராத்திரி பத்தரை மணி. மேனேஜருக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

அன்றிரவு பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் 34 யூரோ கொடுத்துப் படுத்தான். மறுநாள் ஞாயிறு, அங்கே கடைகள் மூடியிருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலைப் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

ரூம் இல்லையென்றால் போகட்டும், வேறு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதை அன்மெல்டுங் என்கிறார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் வேண்டும். ஹாஸ்டலில் அது தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் வரி எண், தங்கும் அனுமதி என்று ஒவ்வொன்றாக நகர வேண்டும். வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்குகிறது. பிள்ளை புத்தகத்தைத் தொடவில்லை, நாள் முழுக்க ரூம் தேடுகிறான்.

திங்கள்கிழமை போன் செய்தேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." மறுபடி செய்தேன். "ஜெர்மனியில இப்போ விடியல மேடம், ஆபீஸ் திறந்ததும் கேக்குறோம்." செவ்வாய் காலை பத்தரைக்கு நானும் அப்பாவும் நேரில் போய் உட்கார்ந்தோம். டீ வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்க பையன் சரியா விசாரிக்கல" என்றார். அப்புறம் "ரூம் எங்களது இல்ல, அது பார்ட்னரோடது" என்றார். ரசீதை எடுத்துக் காட்டினேன். "நல்லாப் படிங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்தார். வாடகை, அட்வான்ஸ் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. 1,58,000 ரூபாய் சேவைக் கட்டணமாம்! போலீஸுக்குப் போவோம் என்றேன். "பையன் விசாவுக்குத்தான் பிரச்சினை ஆகும், யோசிச்சுக்கோங்க" என்றார். அதைக் கேட்டதும் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று.

படி இறங்கும்போது பர்கூர் பக்கத்து அம்மா ஒருவர் மகளோடு ஏறி வந்தார். கையில் மஞ்சள் பை. ரூமுக்குப் பணம் கட்ட வந்தோம் என்றார். நடந்ததைச் சொன்னேன், அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்களுக்கு வீடியோவே அனுப்பியிருக்காங்களே" என்று மகள் போனை நீட்டியது. வெள்ளைச் சுவர். மஞ்சள் திரை. இடது ஓரத்தில் சிவப்பு மீன். அந்தப் பெண் போவது மியூனிக்குக்கு.

அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

புதன், வியாழன் ஆயுத பூஜை என்று ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜெர்மனியில் விடுமுறை என்றார்கள். வாட்ஸ்அப்பில் படித்ததற்கு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இவ்வளவுதான்: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் அனுப்பும் முன் படியுங்கள். ரூம் போட்டோவை கூகுளில் தேடிப் பாருங்கள், வேறு ஊர் விளம்பரத்தில் வந்தால் விட்டுவிடுங்கள். அன்மெல்டுங் கடிதம் தருவீர்களா என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஜெர்மன் சட்டப்படி அட்வான்ஸை மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணையே குடியிருப்பு தொடங்கும்போதுதான். சாவிக்கு முன்னால் முழுத் தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விடுதிக்கு அட்மிஷன் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், யார் தடுத்தாலும். ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் கூப்பிட்டபோது பணம் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

நாளை திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். மனு எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பர்கூர் அம்மா காலையில் போன் செய்தார், மகளோடு பத்து மணிக்கு அங்கே இருப்பாராம். இதே ஆபீஸில் ரூமுக்குப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.