ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: ஊரே கொண்டாடுகிற கேம், எனக்குப் பிடிக்கவில்லை

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டுச் சொல்லவில்லை, ஆறு சாப்டரும், அதற்குப் பின்னால் இரண்டு பகுதியாக வருகிற எபிலாக் என்கிற முடிவுரையும் முடித்த பிறகுதான் சொல்கிறேன். சேலத்தில் எனக்குத் தெரிந்து பிஎஸ்4 (டிவியில் மாட்டி ஆடுகிற ப்ளேஸ்டேஷன் 4) வைத்திருக்கிற யாரிடம் இதைச் சொன்னாலும், செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கூட்டம் கூடுகிற தட்டுவடை செட் கடையில் உட்பட, முதலில் வருகிற கேள்வி "டேய், நிஜமாவே முடிச்சியா?" என்பதுதான். முடித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேம் 2018 அக்டோபரில் வந்தது. விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடுகிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பிஎஸ்4 பதிப்புக்கு நூற்றுக்கு 97. இதுவரை 6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த வருட கேம் அவார்ட்ஸில் ஆர்தர் மோர்கனாக நடித்த ரோஜர் கிளார்க்குக்குச் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது, கதைக்கும் இசைக்கும்கூடக் கிடைத்தது. அத்தனையும் தகுதியான விருதுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த கேம் என்ன வேலை தருகிறது என்பதில்தான் சண்டை.

தெரியாதவர்களுக்குக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1899, அமெரிக்கா. டச் வான்டர் லிண்ட் என்கிற ஆள் தலைமையில் ஒரு கொள்ளைக்கூட்டம், பிளாக்வாட்டர் என்கிற ஊரில் ஒரு கொள்ளை சொதப்பியதால் பனிமலைக்குத் தப்பி ஓடுகிறது. அந்தக் கூட்டத்தில் டச்சின் வலது கை மாதிரி இருக்கிறவன் ஆர்தர். நாம் ஆடுவது அவனை வைத்துத்தான். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது, போலீஸும் துப்பறியும் ஏஜென்ட்களும் விரட்டுகிறார்கள், டச் பேசுகிற பேச்சுக்கும் செய்கிற காரியத்துக்கும் நடுவில் விரிசல் விழுகிறது. பிற்பகுதியில் ஆர்தருக்கு நேர்வதை நான் சொல்லப்போவதில்லை, அது தெரியாமல் ஆடவேண்டிய விஷயம். எழுத்தும் நடிப்பும் அப்படி. இன்னும் மனதில் நிற்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அலமாரி இருக்கும். பட்டனை அழுத்திப் பிடிக்கிறோம், ஆர்தர் அதன் முன்னால் வந்து நிற்கிறான், குனிகிறான், கதவைத் திறக்கிறான், உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது, இன்னொரு முறை பட்டன், கையை நீட்டி எடுக்கிறான், பைக்குள் போடுகிறான். பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தால் இதே மாதிரி இன்னொரு முறை. இழுப்பறை இருந்தால் ஒவ்வொன்றாக. சுட்டுக் கொன்ற ஆளின் பாக்கெட்டைத் தேட வேண்டும் என்றால் அவனைப் புரட்டுவதிலிருந்து எழுந்து நிற்பதுவரை முழுதாகப் பார்க்க வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது ஆச்சரியம்தான், எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கேம் முழுக்க அதையே பார்க்க வேண்டும் என்கிறபோது, அந்த நேரத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை என்பது தெரிகிறது. கூட்டம் தங்கியிருக்கிற கேம்ப்புக்குள் ஓடக்கூட முடியாது, நடை மட்டும்தான். குதிரையிலிருந்து இறங்கினால் பெரிய துப்பாக்கியைச் சேணத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுவான், நாம் ஞாபகமாக எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். சண்டை நடுவில் கையில் கைத்துப்பாக்கி மட்டும் இருப்பதைப் பார்த்து நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று கன்ட்ரோலரில் இருக்கிற எல்2 பட்டன். ஒருவரைப் பார்த்து எல்2 அழுத்தினால் வணக்கம் சொல்லலாம், வம்பும் இழுக்கலாம். நல்ல யோசனை. ஆனால் கையில் துப்பாக்கி இருந்தால் அதே எல்2 குறி பார்க்கிற பட்டன். வேட்டையாடிவிட்டு அப்படியே ஊருக்குள் வந்து, தெருவில் போகிற ஆளிடம் பேசலாம் என்று அழுத்தினால் அவர் மூஞ்சிக்கு நேராகத் துப்பாக்கி நீள்கிறது, அவர் அலறிக்கொண்டு ஓடுகிறார், பார்த்தவர் ஒருவர் ஷெரிஃபைக் கூப்பிடப் போகிறார்.

இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் சொல்கிறார்கள்: "உனக்குப் பொறுமை இல்ல மச்சான், இது மெதுவா ரசிச்சு ஆட வேண்டிய கேம்." இந்த ஒரு பதிலைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. சின்ன வயதிலிருந்து வெள்ளிக் கம்பியோடுதான் இருக்கிறேன். கம்பியை வளைத்துக் கண்ணி போட்டு, ஒவ்வொரு கண்ணியையும் பற்றவைத்து, ஒரு ஜோடி முடிகிறவரை அது மெதுவான வேலை, அவசரப்பட்டால் நடக்காது. ஆனால் அந்த மெதுவில் ஒரு நொடிகூடச் சும்மா போகாது. நெருப்பு படுகிற இடத்தில் வெள்ளியின் நிறம் மாறுவதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், பற்றவைப்பு ஓடிய அந்தக் கணம் கை பின்னால் வர வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் கண்ணியே உருகிப்போகும். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதை முடிவு செய்வது என் கை. ஆர்தர் இழுப்பறையைத் திறக்கும்போது முடிவு செய்ய எனக்கு எதுவுமே இல்லை. அவன் வேலை செய்கிறான், நான் காத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவான வேலை எனக்குப் பழக்கம்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுமை என்று சொன்னால்தான் கோபம் வருகிறது.

சரி, அனிமேஷனையாவது பொறுத்துக்கொள்ளலாம். கதையை நகர்த்துவதற்கு கேம் தருகிற வேலைகளான மிஷன்களை என்னால் மன்னிக்க முடியாது.

வெளியே இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ, யாரை வேண்டுமானாலும் பார் என்று சொல்கிற கேம், மிஷன் ஆரம்பித்தவுடனே அப்படியே தலைகீழாக மாறிவிடுகிறது. திரையின் கீழே எழுத்தில் கட்டளை வரும்: இந்தப் பாறைக்குப் பின்னால் போ. போக வேண்டும். இவன் பின்னாலேயே வா. வர வேண்டும். எதிரிகள் முன்பக்கம் இருக்கிறார்கள், நாம் குதிரையை வலதுபக்கம் திருப்பி மேட்டுக்குப் போய் அங்கிருந்து சுடலாம் என்று நினைத்தால், கூட்டாளியை விட்டு விலகிவிட்டாய் என்று மிஷன் ஃபெயில். நல்ல யோசனை செய்ததற்குத் தண்டனை. கடைசியில் பெரும்பாலான மிஷன்கள் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. போகும்போது குதிரையில் பேச்சு, போன இடத்தில் சிவப்புப் புள்ளிகளை வரிசையாகச் சுடுவது, திரும்பும்போது மறுபடி குதிரையில் பேச்சு. பேச்சு பிரமாதம் என்பதால் நடுவில் நாம் எதையுமே யோசிக்கவில்லை என்பது கவனத்துக்கு வராமல் போய்விடுகிறது.

இதே பிஎஸ்4-இல்தான் மெட்டல் கியர் சாலிட் 5: த ஃபாண்டம் பெயின் ஆடினேன். 2015-இல் வந்தது, அதாவது இதற்கு மூன்று வருடம் முந்தியது. 1984-இல் ஆப்கானிஸ்தானில் ஒரு முகாமுக்குள் புகுந்து ஒரு ஆளைத் தூக்கிவர வேண்டும் என்றால், எந்தப் பக்கமிருந்து, எந்த நேரத்தில், எதை எடுத்துக்கொண்டு என்பதெல்லாம் பெரும்பாலும் நம் இஷ்டம். எதிரிகளைத் தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் அவர்கள் ஹெல்மெட் போட ஆரம்பிக்கிறார்கள். இரவிலேயே போய்க்கொண்டிருந்தால் இருட்டில் பார்க்கிற கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். நாம் ஆடுகிற விதத்தை கேம் கவனித்துப் பதில் சொல்கிறது. அதன் கதை ரெட் டெட் பக்கத்தில் வைக்கக்கூட லாயக்கில்லை, முடிவு அரைகுறையாக நிற்கிறது. இருந்தாலும் எதை மறுபடி ஆடுவாய் என்று கேட்டால் ஒரு நொடி யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

எல்லோருக்கும் பிடித்ததை வேண்டுமென்றே பிடிக்கவில்லை என்கிறான், வித்தியாசமாகத் தெரிய ஆசை என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படி இல்லை. 2022-இல் எல்லோரும் எல்டன் ரிங் கேமைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், நானும்தான். வெளியே காலடி வைத்ததும் குதிரையில் தங்கக் கவசத்தோடு ஒருவன் சுற்றிக்கொண்டிருப்பான், அவனோடு மோதிச் சாகலாம், ஓரமாகப் பதுங்கிப் போய்விட்டு நமக்கும் குதிரை கிடைத்த பிறகு வந்து கணக்குத் தீர்க்கலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதே நேரம், எல்லோரும் கும்பிடுகிற விட்சர் 3 கேம் விஷயத்தில் எனக்கு இதே குறைதான். துப்பறிகிறோம் என்று பெயர், எல்2 பிடித்தால் தடயங்கள் சிவப்பாக ஒளிர்கின்றன, அந்தச் சிவப்பைப் பின்தொடர்ந்து நடந்தால் அதன் ஹீரோ கெரால்ட் தனக்குத்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறான். கண்டுபிடித்தது அவன், நடந்தது நான். அந்த கேமை நான் முடிக்கவில்லை, அதனால் அதைப் பற்றி அதற்குமேல் பேசப்போவதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது. தோற்றால் நடுவிலிருந்து தொடர வைக்கிற செக்பாயின்ட் இருக்கிறது, ஆனால் அது கேம் ஓடிக்கொண்டிருக்கிறவரைதான், கேமை மூடிவிட்டால் மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும். ராத்திரி பட்டறையை மூடி, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்து, நீளமான ஒரு மிஷனின் கடைசித் துப்பாக்கிச் சண்டையில் இருக்கும்போது கரன்ட் போனால், மறுபடி அதே குதிரை, அதே பேச்சு, அதே பாறை. சித்திரை வைகாசியில் எங்கள் ஏரியாவில் இது நடக்காத வாரம் இல்லை. யூபிஎஸ் இல்லாதவர்கள் யோசித்து வாங்குங்கள்.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிஎஸ்4-க்கு இது இரண்டு டிஸ்க்: ஒன்று டேட்டா டிஸ்க், இன்னொன்று ப்ளே டிஸ்க். முதலில் டேட்டா டிஸ்க்கைப் போட்டு ஏற்ற வேண்டும், அப்புறம் ஆடுவதற்கு மற்றது. நான் வாங்கிய கடையில் டப்பாவுக்குள் ப்ளே டிஸ்க் மட்டும் இருந்தது. கேட்டால் "இது போதும் தம்பி, மிச்சம் நெட்ல இறங்கிடும்" என்றார்கள். அது தவறான தகவல். திரும்பப் போய்ச் சண்டை போட்டுத்தான் இன்னொன்றை வாங்கினேன். கடையிலேயே டப்பாவைத் திறந்து இரண்டும் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் நூறு ஜிபிக்கு மேல் காலியாகவும் இருக்க வேண்டும், 500 ஜிபி பிஎஸ்4 வைத்திருந்தால் வேறு சில கேம்களை அழிக்க வேண்டிவரும்.

இந்த கேம் யாருக்குப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி ஒருவன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். சித்தப்பா மகன், ஏற்காட்டில் காபி எஸ்டேட் பக்கம் இருக்கிறான். அங்கே நெட் வேகத்துக்கு நூறு ஜிபியெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது, அதனால் என் டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டு போனான். அவன் ஆடுகிற விதமே வேறு. இரண்டாவது சாப்டரைத் தாண்டவே இல்லை, மிஷன் பக்கம் போவதே இல்லை. வேலண்டைன் என்கிற சின்ன ஊரைச் சுற்றி மான் வேட்டையாடுகிறான், மீன் பிடிக்கிறான், குதிரைக்குத் தேய்த்துவிடுகிறான், புதையல் வரைபடத்தை வைத்துக்கொண்டு மலை மலையாக அலைகிறான். "மிஷன் எதுக்குண்ணா, அந்த டச் பேச்ச யாரு கேக்கறது" என்கிறான். அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மான் நம் வாசனையைப் பிடித்துவிடுமா, எந்த அம்பு போட்டால் தோல் கெடாமல் கிடைக்கும் என்று ஒவ்வொன்றையும் அவனே முடிவு செய்கிறான். நான் கேட்டது அத்தனையும் அங்கே இருக்கிறது! செய்தது அதே ஆட்கள், அதே கேம், ஆனால் கதை சொல்லத் தொடங்கினால் மட்டும் நம் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே அதில்தான். செய்யத் தெரியாதவர்கள் செய்தது என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஆகவே, உலகத்தில் சும்மா அலைய, வேட்டையாட, வேடிக்கை பார்க்க ஆசையென்றால் தாராளமாக வாங்குங்கள், காசு வீணாகாது. நல்ல கதை போதும், ஆடுவது இரண்டாம்பட்சம் என்கிறவர்களும் வாங்கலாம். மிஷனில் மூளையை உபயோகிக்க விரும்புகிறவர்கள் அதே காசுக்கு ஃபாண்டம் பெயின் டிஸ்க் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

ரெட் டெட்டைச் செய்த இதே ராக்ஸ்டார் கம்பெனியின் இன்னொரு கேமான ஜிடிஏ 5, 20 கோடிக்கு மேல் விற்றது. ஜிடிஏ 6-இன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்த நாளிலிருந்து தட்டுவடைக் கடையில் வேறு பேச்சே இல்லை, முதல் நாளே வாங்க ஒருவன் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறான். நான் முதல் நாள் வாங்கப்போவதில்லை. அவன் ஆடும்போது போய் உட்கார்ந்து, ஏதாவது ஒரு மிஷனில் காரை வேறு தெருவில் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.